உங்களை வாசலில் நிறுத்திவைத்த ஞாயிற்றுக்கிழமை பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நமக்குள் வந்திருக்கும் மனத்தாங்கலே அந்த ஒரு சொல்லைப் பற்றியது என்பதால் அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். தாங்கள் நலமா என்று கேட்டால், பார்த்தாலே தெரியவில்லையா என்பீர்கள். ஆகவே சம்பந்தியம்மாவின் இதயம் நலமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது வாரம் ஆகிறது, தையல் நன்றாக ஆறிவிட்டது என்று தங்கள் வீட்டு மருமகளாகிவிட்ட எங்கள் பாப்பா சொன்னாள். தங்கள் குறட்டைக்குப் பயந்து அவர்கள் இன்னும் கீழ் அறையில் தனியாகத்தான் படுக்கிறார்கள் என்றும் சொன்னாள். நல்லது. தூக்கம் முக்கியம்.

விஷயத்துக்கு வருவதற்கு முன் ஒரு பழைய கடனைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், கிருமிகள் பாடத்தின் நடுவே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், நோய் வந்தது வந்தவனுக்கே தெரியலன்னா, அது யாருக்கு வந்ததா அர்த்தம்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்றேன். அந்த நாளை வர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. கடந்த ஒரு வாரமாக இந்த அறைக்குள் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே விடைதான் தங்களுக்கும் என்பதால் இதை விளக்கக் கடிதமாகவும் வைத்துக்கொள்ளலாம், மன்னிப்புக் கடிதமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

தங்களுக்கு என்மேல் உள்ள கோபம் எனக்குத் தெரியும். சுகாதார அலுவலகத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொடுத்தேன் என்று ஒரு கோபம். பழக்கூடையோடு வந்த சம்பந்தியை, அதுவும் நெஞ்சில் தையல் போட்ட சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தவரை, கதவைத் திறக்காமல் வாசலோடு அனுப்பினேன் என்று பெருங்கோபம். "இனி அந்த வீட்டுப் படிய மிதிக்கமாட்டேன், நீங்களும் போகவேண்டாம்" என்று மாப்பிள்ளையிடமும் பாப்பாவிடமும் சொல்லியிருக்கிறீர்கள். பாப்பா போனில் அழுதாள். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம்.

போன வாரம் திங்கட்கிழமை மாப்பிள்ளைக்குப் பழைய கார் ஒன்று பார்க்கப் போனோமே, நினைவிருக்கும். தாங்கள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, "கண்ணாடிய ஏத்துங்க சம்பந்தி, அப்பதான் வண்டியோட சத்தம் காதுல விழும்" என்று நான்கு கண்ணாடியையும் ஏற்றி நாற்பது நிமிடம் ஊரைச் சுற்றினோம். அன்றைக்கே எனக்குக் கடைவாய்ப் பல் வலி. வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போனேன். அவர் பல்லைப் பிடுங்குவதற்கு முன் கொரோனா பரிசோதனை எடுத்தே ஆகவேண்டும் என்றார். வலிப்பது வாயில், குச்சியை விட்டது மூக்கில். வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. "உங்களுக்குத் தொற்று இருக்குங்க. பல்லு அப்படியே இருக்கட்டும். நீங்க தனி அறைக்குப் போங்க." சம்பந்தி, எனக்கு உயிர் போகிற மாதிரி பல் வலி, அதைப் பார்க்க ஆளில்லை, துளிக்கூட வலிக்காத ஒன்றுக்கு மொத்த அலுவலகமே ஓடிவருகிறது. முப்பத்து நான்கு வருட வேலையில் ஒருநாள்கூட நோய் விடுப்பு எடுக்காதவன் நான். "தப்பான தாளைத் திருத்தியிருப்பீங்க, மறுகூட்டல் பண்ணுங்க" என்று கேட்டேன். கூட்டிப் பார்த்தாலும் அதே விடைதான் என்றார்கள்.

யார் யாரோடு மூடிய இடத்தில் அதிக நேரம் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத தொழிலில் இருந்துவிட்டேன். தங்கள் பெயரைச் சொன்னேன். அவர்கள் தங்களை அழைத்து, பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அம்மாவிடமிருந்து தள்ளி இருங்கள் என்று சொன்னதற்குத் தாங்கள், "எனக்கு என்ன வந்துது? உங்க பட்டியல்ல இடம் காலியா இருந்தா வேற யாரயாவது போட்டு நிரப்புங்க" என்று வைத்துவிட்டதாக அந்த அலுவலகப் பெண்ணே என்னிடம் வருத்தப்பட்டாள்.

அறைக்குள் போன நான் தினமும் காலையில் வருகைப் பதிவு எடுத்தேன். பழக்கம் விடவில்லை. காய்ச்சல்? வரவில்லை. இருமல்? வரவில்லை. தொண்டை வலி, உடல் வலி, மூச்சுத் திணறல்? எவரும் வரவில்லை. பெஞ்சுகள் காலி. பல் வலிகூட மாத்திரைக்கு அடங்கி விடுப்பில் போய்விட்டது. என் மனைவி கதவுக்கு வெளியே நின்று, "வெளில வாங்க. துணி காயப்போட ஆளில்ல. நோயாளியாம் நோயாளி, ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு!" என்றாள். பக்கத்து வீட்டு ரேடியோ மெக்கானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, "சார், உங்களுக்கு வந்திருக்கிறது நல்ல ரகம்போல. எப்படியும் எனக்கும் ஒருநாள் வரத்தான் போகுது. உங்ககிட்டருந்தே வாங்கிக்கிறேன், சட்டுனு வந்து ஒரு தடவ மூச்சு விட்டுட்டுப் போங்களேன்" என்றார். தயிருக்கு உறை வாங்க வந்தவர் மாதிரி அவ்வளவு பணிவு. நல்ல தயிரில் உறை எடுத்தால் நல்ல தயிர் வரும் என்பது அவர் கணக்கு. அன்றைக்கு அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு என் வீட்டிலேயே அந்தப் பதில் வந்து படுத்தது. அதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. அறையில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மின்விசிறி இறக்கையில் தூசி தெரிந்தது. மேசைமேல் நாற்காலி போட்டு, அதன்மேல் ஏறி நின்று, துடைத்துக்கொண்டே பாடினேன். ஏன் பாடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அழைப்புமணி அடித்தது, ஜன்னலுக்கு வெளியே தங்கள் முகம் தெரிந்தது. தொற்று வந்தவன் என்று தாங்கள் கேள்விப்பட்டவன் கூரைக்கு அருகில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் எவருக்குத்தான் கோபம் வராது?

"கதவத் திறங்க சம்பந்தி!" என்றீர்கள்.

"வேண்டாம் சம்பந்தி, உள்ள வராதீங்க!" என்று இறங்கி ஜன்னலருகே வந்து கத்தினேன்.

"ஏன், சோப்புப் பவுடர் விக்கவா வந்திருக்கேன்? கூட உங்க சம்பந்தியம்மா வந்திருக்காங்க. நிக்க வைக்காதீங்க."

"எனக்குத் தொற்று இருக்கு."

"இருமுங்க பாக்கலாம்."

இருமினேன். இருமல் வரவில்லை. கனைப்புத்தான் வந்தது.

"நாக்க நீட்டுங்க." நீட்டினேன். "திரும்புங்க." திரும்பினேன். முப்பத்தொரு வருடம் வாகன ஆய்வாளராக இருந்தவர் தாங்கள். லாரியை ஒருமுறை சுற்றிவந்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுத் தகுதிச் சான்று எழுதியவர். என்னையும் ஜன்னலுக்கு வெளியிலிருந்தே அப்படித்தான் பார்த்தீர்கள்.

"காய்ச்சல்?"

"இல்ல."

"சளி?"

"இல்ல."

"அப்ப என்னதான்யா இருக்கு உங்ககிட்ட?"

"ஒண்ணும் இல்ல சம்பந்தி. அதுதான் வந்திருக்கு."

அன்று நல்ல குளிர், ஜன்னல் மூடியிருந்தது. பேசப் பேசக் கண்ணாடியில் புகை படர்ந்து தங்கள் முகம் மறைந்தது. தாங்கள் கைக்குட்டையை எடுத்து வெளிப்பக்கம் துடைத்தீர்கள், போகவில்லை. மறுபடி அழுத்தித் துடைத்தீர்கள், போகவில்லை. எப்படிப் போகும்? அது என் பக்கத்துப் புகை. கடைசியில் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டருகே நின்ற அம்மாவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னீர்கள்: "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. ஓட்டறவருக்குத்தான் நம்மள ஏத்திக்க மனசில்ல. வா, போலாம்."

இனிமேல் நான் எழுதப்போவது தங்களுக்குத் தெரியாதது. தாங்கள் ஜன்னலில் என்னைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி கூடத்தில் வாசல் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தாள். "உங்களுக்குத்தான நோவு? எனக்கு என்ன கேடு? மூணு தெரு தாண்டி வந்த மனுஷங்கள வெளில நிக்க வைக்கறதா? நான் தொறக்கறேன்" என்றாள். சம்பந்தியம்மாவைக் கண்டால் இவள் எப்படிக் கட்டிக்கொள்வாள் என்று தங்களுக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னும் ஒருமுறைகூடக் கட்டிக்கொள்ளவில்லை என்ற குறை வேறு. பாதித் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அறைக்கதவைத் திறந்து ஓடி, வகுப்பில்கூட எழுப்பாத குரலில், "கைய எடு!" என்று கத்தினேன். முப்பத்தாறு வருட இல்வாழ்க்கையில் அவளிடம் நான் போட்ட முதல் அதட்டல். அவள் திகைத்துக் கையை எடுத்தாள். அந்த அதட்டல்தான் தங்கள் காதிலும் விழுந்தது. தங்களைத்தான் விரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினீர்கள். பழக்கூடையை மட்டும் வைத்துவிட்டுப் போனது தங்கள் பெருந்தன்மை.

மறுநாள் காலை நான் அறைக்குள் மின்சார அடுப்பில் பால் வைத்துவிட்டு, தங்களுக்கு என்ன சொல்லிச் சமாதானம் செய்யலாம் என்று யோசித்ததில் பால் பொங்கி, வற்றி, கருகி, வீடே நாறியது. மதிலுக்கு அப்பாலிருந்து ரேடியோ மெக்கானிக் புகை தாங்காமல் இருமினார். கதவுக்கு வெளியே காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடமிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சம்பந்தி, நான் அடுப்புப் பக்கம் போனாலே அடுத்த அறையிலிருந்து திட்டுகிறவள் அவள். கதவருகே போய், "ஏம்மா, வாசனை வரலியா?" என்றேன். "என்ன வாசனை?" என்றாள். "பால் கருகிப்போச்சு." "எங்க? ஒண்ணும் தெரியலியே" என்றாள். சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு.

பரிசோதனையில் அவளுக்கும் இருந்தது. டாக்டர் போனிலேயே எல்லாம் விசாரித்துவிட்டு, "பயப்படாதீங்க, லேசான பாதிப்புதான்" என்றார். அவள் முதுகைத் திருப்ப முடியாமல், தலையைத் தூக்க முடியாமல், லாரியில் அடிபட்டவள் மாதிரிக் கிடந்தாள். 'லேசான' என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, "போன இங்க குடுங்க" என்று பிடுங்கினாள்.

"டாக்டரய்யா, எது லேசு? இதுவா லேசு? கனம்னு ஒண்ணு இருந்தா அது எப்படிங்க இருக்கும்?"

"அம்மா, உங்களுக்கு மூச்சு வாங்கல. ஆக்சிஜன் வைக்கத் தேவ வரல. அதனால எங்க கணக்குல இது லேசு."

"உங்க கணக்குல என் முதுகு இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப அத சேத்துட்டு மறுபடி கூட்டுங்க" என்று போனை என்னிடம் எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நான் அவளுக்கு மெதுவாக எடுத்துச் சொன்னேன். தேர்ச்சிப் பட்டியலில் முப்பத்தைந்து வாங்கிய பிள்ளைக்கும் 'தேர்ச்சி' என்றுதான் போடுவோம். அந்த முப்பத்தைந்தை வாங்க அது எத்தனை நாள் அழுதது என்று போட அதில் கட்டம் கிடையாது. லேசு என்பது டாக்டர் எழுதும் பட்டியல். படுத்திருப்பவர் படும் பாட்டின் அளவு அல்ல. "புரியுது. உங்களுக்கு மட்டும் நூத்துக்கு நூறா?" என்றாள். ஒரே வீடு, ஒரே கிருமி. நான் மேசைமேல் நின்று பாடினேன், அவள் எழுந்து உட்கார மூன்று நாள் ஆயிற்று. ரேடியோ மெக்கானிக்கை ஜன்னலுக்கு அழைத்து, "பாருங்க, இதுதான் நீங்க கேட்ட நல்ல ரகம். நான் எடுத்தா இப்படி, அவ எடுத்தா அப்படி. நீங்க எடுத்தா எப்படின்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது" என்றேன். அவர் மதிலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஆனால் தங்களிடம் சொல்லவந்தது டாக்டர் கடைசியாகச் சொன்ன ஒன்று. காய்ச்சல் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மூச்சில் அது வெளியே போகலாமாம். திங்கட்கிழமை சாயங்காலம் காய்ச்சல். விரல் விட்டு எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை, தாழ்ப்பாளில் இருந்த அந்தக் கை. அன்று அவளுக்கு ஒன்றுமே இல்லை. தாங்கள் அவளைச் சுற்றிவந்து சோதித்திருந்தாலும் முதல் தரச் சான்று கொடுத்திருப்பீர்கள். அந்தக் கதவு திறந்திருந்தால் அவள் அன்போடு கட்டிக்கொண்டிருப்பாள், ஒன்பது வாரத்துத் தையலின்மேல் முகத்தை வைத்து.

என் உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அறுபத்தாறு வருடமாக இதற்கு நான்தான் தலைமையாசிரியர் என்று நினைத்திருந்தேன். என் அனுமதி இல்லாமல் உள்ளே ஒரு படை வந்திருக்கிறது. எதிர்ப்படை கிளம்பியிருக்கிறது. தெருத்தெருவாகச் சண்டை நடந்து, ஒரு பக்கம் தோற்று, குப்பையைக் கூட்டி அள்ளி, தண்ணீர் தெளித்துவிட்டும் போயிருக்கிறார்கள். அத்தனையும் நடந்தபோது நான் மின்விசிறி துடைத்துக்கொண்டு பாடியிருக்கிறேன். எனக்கு ஒரு துண்டுச்சீட்டுக்கூட அனுப்பவில்லை. இதில் என் வீரம் எள்ளளவும் இல்லை; நான் அங்கே இல்லவே இல்லை. வகுப்பு அமைதியாக இருந்தால் பாடம் நடக்கிறது என்று நினைத்து வராந்தாவில் கடந்துபோகிறவர்கள் உண்டு. உள்ளே நின்றவனுக்குத்தான் தெரியும், அமைதியான வகுப்பில்தான் ஏதோ நடக்கிறது. இத்தனை வருடம் அதைப் பிள்ளைகளிடம் பார்த்தவன், என் நெஞ்சுக்கூட்டுக்குள் பார்க்கவில்லை. இரவும் பகலும் என்னைக் கேட்காமல் எனக்காக வேலை பார்க்கும் இந்த உடம்பின் முன்னால், சம்பந்தி, நான் எழுந்து நிற்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு விடை கிடைத்துவிட்டது. நோய் வந்தது வந்தவனுக்கே தெரியவில்லை என்றால், அது அடுத்தவருக்கு வந்ததாக அர்த்தம். நான் வெறும் வாசற்படி. அடுத்தவர் அன்று கேட்டருகே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

எனவே என் அதட்டலையும், நாற்காலிமேல் நின்றதையும், பாட்டையும் தாங்கள் மன்னிக்கவேண்டும். என் நாட்கள் முடிகின்றன, மனைவிக்கும் அடுத்த வாரம் முடிந்துவிடும். இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்பில்லை என்று திட்டினாள். காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அல்ல, அதற்கடுத்த ஞாயிறு, தாங்கள் அம்மாவோடு அவசியம் வரவேண்டும். இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்து, தெருமுனை வரை வந்து அழைத்துப்போவேன். அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் ஆசிகள். அவர்களைப் படி மிதிக்கவிடாமல் தடுக்கும் தங்கள் உத்தரவை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
வாத்தியார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தவேண்டாம். மன்னிப்பை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அழைப்பும் ரத்து. கடிதத்தை மடித்து ஜன்னல் திட்டில் வைத்த பிறகு மாப்பிள்ளை போன் செய்தார். நேற்று அம்மாவை இதயப் பரிசோதனைக்கு அழைத்துப்போன இடத்தில், கூட வந்தவர்களுக்கும் மூக்கில் குச்சி விட்டார்களாமே. அம்மாவுக்கு இல்லை, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். தங்களுக்கு இருக்கிறதாம். "எனக்கு ஒண்ணும் இல்ல, மெஷின்தான் கோளாறு" என்று தாங்கள் மாடி அறைக்குப் போக மறுத்துக் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பதாகப் பாப்பா அழுகிறாள். இந்த முறை எனக்காக அல்ல.

அந்த மூடிய காரில் நான் தங்களுக்குக் கொடுத்தேனா, தாங்கள் எனக்குக் கொடுத்தீர்களா, அல்லது இருவருக்கும் வேறு எவரோ கொடுத்தார்களா என்று இனி யாராலும் சொல்லமுடியாது. ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்று பாதி வழியில் முன்கண்ணாடி புகைபடிந்து சாலை தெரியாமல் போனது. "வெளில பனி" என்று சொல்லித் தாங்கள் துணியால் துடைத்தீர்கள். உள்பக்கம் துடைத்தீர்கள் சம்பந்தி. துணி ஈரமானது. அது பனி அல்ல, நம் இருவரின் மூச்சு. இத்தனை நாள் அம்மாவைக் காத்தது தங்கள் குறட்டையாக இருக்கலாம். இனிமேல் அதை மட்டும் நம்ப வேண்டாம். மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கீழே அம்மாவின் குரல் கேட்டு, நமக்குத்தான் ஒன்றுமில்லையே என்று தாழ்ப்பாளில் கை போகும். அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வாய்க்கு அருகில் பிடித்து, ஒரே ஒருமுறை மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள்.